ஏரிக்கரையிலிருந்து மீன்சட்டி வரை: சேலத்தில் தூண்டில் போட ஒரு முழுமையான வழிகாட்டி

ஐந்து ஜிலேபி கெண்டை. எடை போட்டால் ஒரு கிலோவுக்கு மேல் தேறும். என் கையால் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோன முதல் மீன்கள் அவைதான். அம்மா சின்ன வெங்காயம் உரித்து, மசால் அரைத்து, மண்சட்டியில் குழம்பு வைத்தார். முதல் வாய் வைத்ததுமே எல்லாரும் தட்டை ஒதுக்கிவிட்டோம். அப்படி ஒரு சாக்கடை வாடை. புளியும் பூண்டும் அதை மறைக்கவில்லை. மீன் மேலும் தப்பில்லை, அம்மாவின் கைப்பக்குவத்தின் மேலும் தப்பில்லை. ஊர்க் கழிவு வந்து விழும் ஓடைவாயில் போய் உட்கார்ந்து, இங்கே நன்றாகக் கடிக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன்.

அன்றிலிருந்து தூண்டிலைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைப் பார்க்கப் பழகினேன். மீன் என்பது அது வாழ்ந்த தண்ணீர்தான். சமையலறையில் செய்வதில் முக்கால்வாசி, கரையில் உட்காரும்போதே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டி கம்பிலிருந்தோ முள்ளிலிருந்தோ தொடங்கவில்லை.

முதல் படி: தண்ணீரைத் தேர்ந்தெடுப்பது

சேலத்தைச் சுற்றியுள்ள நீர்நிலைகளை அவற்றின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் நான் பிரித்துப் பார்ப்பேன். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை கன்னங்குறிச்சிப் பக்கமாக இறங்கிப் புது ஏரியையும் மூக்கனேரியையும் நிரப்புகிறது. 2010-இல் ஊர் மக்கள் சேர்ந்து மூக்கனேரியைத் தூர்வாரி, அந்த மண்ணிலேயே நடுவில் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அதே சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறோ, நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமக்கத் தொடங்கிவிடுகிறது. நகரத்துக்குள்ளும் அதைத் தாண்டியும் அந்த ஆற்று நீர் பாயும் இடங்களில் தூண்டில் போட்டுச் சாப்பிடாதீர்கள். எவ்வளவு பெரிய மீன் துள்ளினாலும் சரி.

கிழக்கே வாழப்பாடிப் பக்கம் ஆனைமடுவு அணை, பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் கரியகோவில் அணை. இரண்டுக்கும் மலைத் தண்ணீர் வருகிறது. வடமேற்கே போனால் மேட்டூர். 1934-இல் கட்டி முடித்த அணை, 120 அடி உயரத்துக்கு 93.47 டிஎம்சி தண்ணீர் பிடிக்கும் நீர்த்தேக்கம். மீன் விஷயத்தில் சேலம் மாவட்டத்துக்கு அதுதான் தாய்வீடு. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் கோடையில் பண்ணவாடியில் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரியும். பரிசல்காரர்கள் அந்த நந்தியைச் சுற்றி வலை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். மறக்க முடியாத காட்சி அது. மேட்டூருக்குக் கீழே பூலாம்பட்டியில் கதவணை காவிரியைத் தேக்கி வைத்திருப்பதால் ஆறு அங்கே ஏரி போல அமைதியாகக் கிடக்கும். எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டைக்குப் படகு போய்வரும்.

சரி, பார்த்தவுடன் ஒரு தண்ணீரை எப்படி மதிப்பிடுவது? முதலில் மூக்கு. கரையில் நின்று ஆழமாக மூச்சு இழுங்கள். ஈரமண் வாசமோ பாசி வாசமோ வந்தால் பரவாயில்லை. அழுகிய முட்டை வாடையோ சோப்பு வாடையோ வந்தால் திரும்பிவிடுங்கள். அடுத்து நிறம். லேசான பச்சையும், மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கலும் இயல்புதான். பெயின்ட் ஊற்றியது போல அடர்பச்சையாக ஒரு படலம் மிதந்தால் அந்த வாரம் அங்கே பிடித்ததைச் சாப்பிட வேண்டாம். கறுப்புத் தண்ணீரும் கலையாத நுரையும் வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் சேகோ ஆலைகள் நிறைய உண்டு. அவற்றின் கழிவுநீர் சுத்திகரிக்காமல் வந்து சேரும் இடத்தில் ஒரு புளித்த வாடை அடிக்கும். ஒரு தடவை முகர்ந்தால் பிறகு மறக்காது.

அதன்பின் ஏரியைச் சுற்றி ஒரு நடை. எந்த ஓடை எங்கே வந்து சேர்கிறது, அதில் என்ன வருகிறது என்று பாருங்கள். மாடு மேய்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். "இந்த ஏரி மீனை நீங்க சாப்பிடுவீங்களாண்ணா?" என்ற ஒரு கேள்வி போதும். அவர் தயங்கினாலே பதில் தெரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மற்ற மீன்கள் சாகும் தண்ணீரிலும் பிழைத்துக் கிடக்கும். அந்த இரண்டைத் தவிர வேறு எதுவுமே கிடைக்காத குளம் என்றால் சந்தேகப்படுங்கள். கெண்டைக் குஞ்சு, உளுவை, ஆரால் என்று பல வகையும் இருக்கும் தண்ணீரை நம்பலாம்.

இரண்டாம் படி: கேட்டுவிட்டு உட்காருவது

ஏரி ஊருக்குச் சொந்தம், மீனும் எல்லாருக்கும் பொது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெரும்பாலான ஏரிகளின் மீன்பாசி உரிமை, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலத்தில் குத்தகைக்குப் போகிறது. குத்தகை எடுத்தவர் தன் காசு போட்டுக் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். அவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஒற்றைத் தூண்டில்தான், இரண்டு மணி நேரம்தான் என்றால் சிலர் சும்மாவே விடுவார்கள், சிலர் ஒரு தொகை கேட்பார்கள், சிலர் கூடவே கூடாது என்பார்கள். மூன்றையும் மரியாதையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். மேட்டூர் நீர்த்தேக்கத்தில் உரிமம் பெற்ற மீனவர்களின் பிழைப்பு நடக்கிறது. அங்கே மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகே எதையும் செய்யுங்கள்.

ஏற்காடு போகும் பலர் காரில் தூண்டிலையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். அங்குள்ள ஏரி படகு விடும் இடம். அனுமதி கேட்காமல் அங்கே தூண்டில் நரம்பு (நைலான் இழை) வீச வேண்டாம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் ஓடைகளில் பாறையை ஒட்டிக்கொண்டு நிற்கும் சின்னச் சின்ன மீன்கள் உண்டு. குனிந்து பார்த்தாலே மனம் நிறைந்துவிடும். விரல் நீளம்கூட இல்லாத அவற்றைப் பிடித்து யாருக்கும் பசியாறப் போவதில்லை. காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஓடை என்றால் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம்.

வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலேயே தடை செய்யப்பட்டது. மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் ஷாக் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் மீனோடு சேர்ந்து மனிதரும் சாவார். அப்படி நடக்கும் இடத்தில் நிற்காதீர்கள்.

மூன்றாம் படி: கம்பு, நரம்பு, முள்

முதல் தூண்டிலுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டாம். பத்தடி நீளத்தில் நேரான, நுனி மெல்லிய ஒரு மூங்கில் கம்பு போதும். வெட்டி இரண்டு வாரம் நிழலில் காய வைத்தால் எடை குறைந்து நன்றாக வளையும். கம்பு நீளத்துக்கே நரம்பு கட்டுங்கள். ஜிலேபி, சின்னக் கெண்டைக்கு 0.25 மில்லிமீட்டர் நரம்பு சரி. ரோகு, கட்லா போன்ற பெரிய கெண்டைகள் வரும் இடத்தில் 0.30-லிருந்து 0.35 வரை. விராலுக்கு 0.40-க்குக் குறைந்தால் செடிக்குள் இழுத்து அறுத்துக்கொண்டு போய்விடும்.

தூண்டில் முள்ளின் நம்பர் புதியவர்களைக் குழப்பும். நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். ஜிலேபிக்கு 8 அல்லது 10, ரோகு, மிர்காலுக்கு 4 அல்லது 6. அதைவிடப் பெரிய முள்ளுக்கு 1/0, 2/0 என்று எண் ஏறும். விராலுக்கு அந்த வகை. புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பெரிய முள் போட்டால் பெரிய மீன் வரும் என்று நம்புவது. கெண்டைக்கு வாய் சிறியது. சின்ன முள்ளில் பெரிய கெண்டை மாட்டும், பெரிய முள்ளில் எதுவும் மாட்டாது.

தண்ணீரில் மிதந்து மீன் கடிப்பதைக் காட்டும் தக்கைக்குச் சோளத்தட்டையின் உள்தண்டே போதும். விரல் நீளம் நறுக்கி, நடுவில் ஊசியால் துளைத்து நரம்பைக் கோத்து, ஒரு தீக்குச்சியைச் செருகினால் வேண்டிய உயரத்தில் நிற்கும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே சின்ன ஈயக்குண்டு. தக்கை நட்டமாக நிற்க வேண்டும், நுனி மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிய வேண்டும். அந்த அளவுக்குத்தான் ஈயம்.

முள் கட்டும் முடிச்சை வீட்டிலேயே இருபது தடவை போட்டுப் பழகுங்கள். நரம்பை முள்ளின் கண்ணில் நுழைத்து, நுனியைத் தாய் நரம்பின் மேல் ஆறு சுற்று சுற்றுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் உருவான வளையத்துக்குள் நுனியை விட்டு, அப்போது உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இழுங்கள். எச்சில் முக்கியம். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசும் சூட்டில் அது பலம் இழந்துவிடும், மீன் மாட்டும்போது முடிச்சிலேயே அறும்.

சுழலும் ரீல், கார்பன் கம்பு எல்லாம் அடுத்த வருடம் வாங்கலாம். வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள்: கார்பன் மின்சாரம் கடத்தும். மேட்டூர்ப் பக்கம் அனல் மின் நிலையமும் புனல் மின் நிலையங்களும் இருப்பதால் உயர் அழுத்தக் கம்பிகள் நிறையப் போகின்றன. கம்பிக்கு அடியில் தூண்டிலைத் தூக்கக் கூடாது. இடி இடித்தால் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

நான்காம் படி: இரை

மண்புழு எல்லா மீனுக்கும் ஆகும். எருக்குழி ஓரத்திலும் வாழைத்தோப்பிலும் தோண்டினால் கிடைக்கும். ஈரமண்ணோடு ஒரு தேங்காய்த் தொட்டியில் போட்டு வைத்தால் நாள் முழுக்க உயிரோடு இருக்கும். கெளுத்தியும் ஆராலும் புழுவுக்குத்தான் வரும். ஜிலேபி புழுவையும் தின்னும், மாவையும் தின்னும்.

கெண்டை வகைக்கு மாவு உருண்டை. கோதுமை மாவு இரண்டு பங்கு, வறுத்துப் பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் மரவள்ளிக் கிழங்கு மாவு. நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் இந்தக் கிழங்கு மாவு தண்ணீரில் சீக்கிரம் கரையாது. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, காது மடல் போல மென்மையாக வரும்வரை உருட்டுங்கள். பட்டாணி அளவில் எடுத்து முள்ளின் நுனி மறையும்படி ஒட்ட வேண்டும். ஐந்து நிமிடம் தண்ணீரில் நின்று, பிறகு மெதுவாகக் கரைகிற பதம்தான் சரியான பதம்.

கெண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. உட்கார்ந்தவுடன் தவிடும் புண்ணாக்கும் பிசைந்த இரண்டு உருண்டைகளைத் தக்கை நிற்கப்போகும் இடத்தில் போடுங்கள். அரை மணி நேரத்தில் அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி எழும்பினால் மீன் வந்துவிட்டது என்று பொருள். அள்ளி அள்ளிப் போடக் கூடாது. வயிறு நிறைந்த மீன் முள்ளைத் தேடி வராது, மிச்சத் தீனி அழுகித் தண்ணீரும் கெடும்.

ஐந்தாம் படி: எங்கே, எப்போது

விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு, பிற்பகல் நாலரையிலிருந்து இருட்டும் வரை. சேலத்து வெயிலில் நடுப்பகலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும், நமக்கும் அங்கே வேலை இல்லை. ஒரு விதிவிலக்கு: கோடையில் காற்றே இல்லாத புழுக்கமான இரவுக்குப் பின் விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசி இல்லை. தண்ணீரில் பிராணவாயு குறைந்து மூச்சுத் திணறுகின்றன. அன்று தூண்டில் போட்டுப் பயனில்லை, அவற்றை விட்டுவிடுவதும்தான் நியாயம்.

வருடத்தில் நல்ல காலம் என்றால், வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. ஏரி நிரம்பிக் கோடி போகும் நாட்களில் எல்லாரும் உபரி நீர் வழியும் கலிங்கில் கூடுவார்கள். புதுத் தண்ணீரை எதிர்த்து ஏறும் மீன் அங்கே கூட்டமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவை முட்டையிடப் போகும் தாய்மீன்கள். ஒரு தாய்க் கெண்டையின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். நான் அந்த நாட்களில் வெறுங்கையோடு போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவேன்.

இடம் பார்ப்பது கற்றுக்கொள்ள வேண்டிய கலை. ஜிலேபி கரையோர மணலில் தட்டு போலக் குழி பறித்துக் கூடு கட்டும். முழங்கால் ஆழத்தில் அந்த வட்டங்கள் தெரியும். மதகுப் பக்கம் ஆழம் அதிகம், அங்கே ரோகுவும் மிர்காலும். கருங்கல் அணைத்த கரையில் இடுக்குகளில் ஆராலும் கெளுத்தியும். தாமரை, ஆகாயத்தாமரை ஓரங்கள் விராலுக்கு. நிழல் உங்களுக்குப் பின்னால் விழும்படி உட்காருங்கள். நிழல் தண்ணீரில் ஆடினால் மீன் விலகும். கரையைத் தொம்தொம் என்று மிதித்து நடந்தாலும் விலகும்.

இரை போடும் முன் ஆழம் பாருங்கள். முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி இறக்கினால் தக்கை முழுகும். கொஞ்சம் கொஞ்சமாகத் தக்கையை மேலே தள்ளி, நுனி மட்டும் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் அடி ஆழம். கெண்டைக்கு இரை அடியைத் தொட்டுக்கொண்டும், ஜிலேபிக்கு ஒரு சாண் மேலேயும் நிற்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் இதைச் செய்வதில்லை. ஒரே கரையில் ஒருவருக்கு மட்டும் மீன் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஏரிக்குள் இறங்கி நடக்காதீர்கள். வண்டல் மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் வைத்த அடுத்த அடி ஆளை முழுக்கிவிடும். காவிரியில் மேட்டூரிலிருந்து தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்தால் கரையிலேயே நிற்க வேண்டாம். அந்த ஆற்றில் முதலையும் உண்டு. புதரும் சேறும் உள்ள ஓரத்தில் உட்காருமுன் உள்ளூர்க்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தக்கையைப் படிப்பது

இந்தப் பொழுதுபோக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தூண்டில் போட்டு உட்கார்ந்த கால்மணி நேரத்தில் மண்டைக்குள் ஓடும் சத்தமெல்லாம் அடங்கி, உலகத்தில் அந்தத் தக்கை மட்டும் மிஞ்சும். அலுவலகம், கடன், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் எங்கேயோ போய்விடும். சும்மா இருப்பது போலத் தெரியும். ஆனால் கண் ஒரு நொடி ஓயாது.

தக்கை ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு மாதிரி ஆடும். ஜிலேபி பொடுக் பொடுக்கென்று நாலைந்து தடவை கொத்திவிட்டு ஒரே இழுப்பில் கீழே கொண்டுபோகும். கொத்தும்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும், முழுகும்போது இழுக்க வேண்டும். ரோகுவும் மிர்காலும் பொறுமையானவை. அடியில் இரையை உறிஞ்சித் தலையைத் தூக்கும்போது ஈயத்தின் எடை குறைந்து, தக்கை மேலே எழும்பிப் படுத்துவிடும். புதியவர்கள் காற்று என்று நினைத்து விட்டுவிடுகிற கடி அது. தக்கை படுத்து, பிறகு நகரத் தொடங்கும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. கெளுத்திக்குத் தயக்கமே கிடையாது, கடித்த கையோடு ஓடும். ஆரால் தக்கையை ஒரு பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டே கல்லிடுக்குக்குப் போகும். அதை வேகமாகத் தூக்காவிட்டால் வாலை இடுக்கில் சுருட்டிக்கொண்டு வராது.

பெரிய மீன் மாட்டினால் தூக்க முயலாதீர்கள். கம்பை நட்டமாகப் பிடித்து அதன் வளைவே மீனைக் களைப்பாக்கட்டும். அது ஓடினால் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், நின்றால் இழுங்கள். மீன் பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளை வயிறு காட்டினால் களைத்துவிட்டது. அப்போது கைவலையை மீனுக்கு அடியில் கொண்டுபோய் அள்ளுங்கள். ரோகு கைவலையைப் பார்த்ததும் கடைசியாக ஒரு ஓட்டம் ஓடும். அதற்குத் தயாராக இருங்கள்.

விரால் தனிக் கதை

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று சொல்வார்களே, அந்த நழுவல் விராலுக்கே பொருந்தும். விரால் செவுளால் மட்டும் மூச்சு விடுவதில்லை, காற்றையும் குடிக்கும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்து குளக் என்று ஒரு வாய் காற்றை வாங்கிப் போகும். செடி ஓரத்தில் அந்த வட்டம் விழுகிற இடத்தைக் குறித்துக்கொண்டு, ரப்பர் தவளையை அதற்கு நாலடி தள்ளிப் போட்டு, தவளை தத்துவது போல விட்டுவிட்டு இழுங்கள். உயிர்த் தவளையைக் குத்திப் போட வேண்டியதில்லை, ரப்பரே போதும். தண்ணீர் வெடித்தது போலச் சத்தம் கேட்கும். உடனே இழுக்காமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு ஓங்கிச் சுண்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். சில நேரம் செடி ஓரத்தில் செந்நிறத்தில் ஒரு கொத்துக் குஞ்சுகள் துள்ளித் துள்ளி நகரும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். தவளையைப் போட்டால் கோபத்தில் உறுதியாகக் கடிக்கும், பிடிப்பது மிகவும் எளிது. பிடித்தால் அந்தக் கொத்து முழுவதும் மற்ற மீனுக்கு இரையாகிவிடும். தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

ஏழாம் படி: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

ஜிலேபியைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். 1952-இல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் அது. முட்டையை வாயிலேயே வைத்து அடைகாத்துப் பெருகி, நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை செய்யப்பட்ட மீன். மாட்டினால் வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன டேங்க் கிளீனர் மீனை ஏரியில் விடுவதும் அதே தப்பு.

கால்கிலோ தேறாத கெண்டை திரும்பிப் போகட்டும். முட்டை வயிறோடு இருப்பதும் போகட்டும். காவிரியில் என்றாவது பெரிய செதிலும் தடித்த உதடும் முதுகில் திமிலும் உள்ள மஹசீர் மாட்டினால், தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். காவிரிக்கே உரிய அந்தத் திமில் மஹசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் 2018-இல் சேர்க்கப்பட்ட இனம். ஆமை மாட்டினாலும் அப்படியே. பால் ஆமை சட்டப் பாதுகாப்பு உள்ள உயிர்.

விடப்போகும் மீனை நனைந்த கையால் தொடுங்கள். காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும், பிறகு பூஞ்சை பிடித்துச் சாகும். கெளுத்தியைப் பிடிப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். முதுகில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று முள். பக்க முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடித்தால் குத்தாது. குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அரைமணி நேரம் வைத்திருங்கள், கடுப்பு இறங்கும். வீக்கம் ஏறினால் மருத்துவரிடம் போங்கள்.

அறுந்த நரம்பை ஒரு துண்டுகூடக் கரையில் விட வேண்டாம். மூக்கனேரித் திட்டுகளில் அடையும் கொக்கும் நீர்க்காகமும் காலில் சுற்றிக்கொண்டு கிளையில் தொங்கிச் சாகும்.

எட்டாம் படி: கரையிலிருந்து வீட்டுக்கு

வைத்துக்கொள்வது என்று முடிவானால் மீனைத் துடிக்க விடாதீர்கள். கம்பால் தலையில் ஒரே அடி, செவுளுக்கு அடியில் ஒரு கீறல், ரத்தம் வடியட்டும். இது இரக்கமும்கூட, ருசியும்கூட. வெகுநேரம் துடித்துச் செத்த மீனின் சதை சீக்கிரம் தளரும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியோடு அடுக்குங்கள். ஐஸ் இல்லையென்றால் ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். விராலும் கெளுத்தியும் கொஞ்சத் தண்ணீரிலேயே உயிரோடு வரும். அவற்றை ஒரு நாள் நல்ல தண்ணீரில் போட்டு வைத்தால் சேற்று வாடை ஓரளவு குறையும்.

அந்தச் சேற்று வாடை பெரும்பாலும் சேற்றிலிருந்து வருவதில்லை. நீலப்பச்சைப் பாசிகள் வெளியிடும் ஒரு பொருள் மீனின் கொழுப்பில் தங்குவதால் வருகிறது. புளிப்பு அதை அடக்கும். நம் முன்னோர் ஏரி மீனுக்குப் புளியைத் தூக்கலாகப் போட்டதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் சாக்கடை வாடையைப் புளி அடக்காது. அதை என் முதல் குழம்பிலேயே தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாம் படி: கழுவலும் சமையலும்

கெண்டைக்கும் ஜிலேபிக்கும் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதில் சுரண்டுங்கள். விரால், கெளுத்தி, ஆராலுக்கு அடுப்புச் சாம்பலைப் பூசிப் பிடித்தால் கையில் நிற்கும், வழுவழுப்பும் போகும். பிறகு கல் உப்புப் போட்டு உரசல் கல்லில் தேய்த்து, கடைசியாக மோரும் மஞ்சளும் கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப் போடுங்கள். ஜிலேபியின் வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை முழுவதும் உரித்து எடுக்க வேண்டும், கசப்பும் வாடையும் அதில்தான்.

பித்தப்பையைக் கவனமாக எடுத்து எறியுங்கள். உடைந்தால் கறி கசக்கும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: ரோகு போன்ற கெண்டைகளின் பித்தப்பையை மருந்து என்று நம்பிப் பச்சையாக விழுங்கிச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். யார் சொன்னாலும் விழுங்கக் கூடாது. நன்னீர் மீனை அரைவேக்காட்டிலும் சாப்பிட வேண்டாம், ஒட்டுண்ணிகள் இருக்கலாம்.

பொரிப்பதற்குச் சின்ன மீன். மேட்டூர் அணைப் பக்கம் கடைகளில் கல்லில் சிவக்கச் சிவக்கப் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி வீட்டிலும் வரும். கெண்டையில் பொடிமுள் அதிகம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். மீனின் இரு பக்கமும் நெல்மணி இடைவெளியில் நெருக்க நெருக்கமாக, நடுமுள்ளைத் தொடும்வரை கீறுங்கள். எண்ணெய் அந்தக் கீறல்களுக்குள் இறங்கிப் பொடிமுள்ளை முறுக வைத்துவிடும், மென்று தின்னலாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு, மொறுமொறுப்புக்கு ஒரு கரண்டி அரிசி மாவு. அரைமணி ஊறிய பிறகு கடலெண்ணெயில் நடுத்தரத் தீயில் பொரியுங்கள். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 17-லிருந்து 20 கிராம் புரதம் உண்டு. முள்ளோடு தின்னும் சின்ன மீனில் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

குழம்புக்கு முக்கால் கிலோவுக்கு மேலான ரோகுவோ விராலோ. ஒரு கிலோ மீனுக்குக் கணக்கு இது: கடலெண்ணெயில் பத்து வரமிளகாய், மூன்று மேசைக்கரண்டி மல்லி, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி மிளகு வறுத்து, இருபது சின்ன வெங்காயமும் அரைமூடித் தேங்காயும் சேர்த்து வதக்கி அம்மியிலோ மிக்ஸியிலோ மையாக அரையுங்கள். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, இன்னும் ஒரு கை வெங்காயம், முழுப்பூண்டு பத்துப் பல், மூன்று தக்காளி வதக்குங்கள். எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் புளி எடுத்துக் கரைத்து ஊற்றி, அரைத்த மசாலையும் உப்பும் சேர்த்துப் பச்சை வாசம் போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்க விடுங்கள். மீன் அதற்குப் பிறகுதான். மாங்காய்க் காலம் என்றால் இரண்டு துண்டு மாங்காயும் மீனோடு போகலாம். போட்டபின் கரண்டியால் கிண்டக் கூடாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று. எட்டு நிமிடத்திலிருந்து பத்து நிமிடம், மீனின் கண் வெள்ளையாகி வெளியே தள்ளினால் இறக்கிவிடலாம்.

இறக்கியதும் சாப்பிட உட்காராதீர்கள். காலையில் பிடித்த மீன் என்றால் மத்தியானம் குழம்பு வைத்து, இரவுக்கு ராகிக் களி கிண்டி, அதன் நடுவில் குழி பண்ணி ஊற்றிச் சாப்பிடுங்கள். மிச்சத்தை ஒரு கொதி கொதிக்க வைத்து ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால், மறுநாள் காலை இட்லிக்கு அம்மா எனக்கு முதலில் எடுத்து வைப்பது தலைத் துண்டைத்தான்.